நாடு நலமா, நலிவா?

நாடு நலம்பெற்றுவிட்டது என்று ஒரு சாராரும், நாடு நாசமாகிக்கொண்டிருக்கிறது என்று மற்றொரு சாராரும் மேடைதோறும் முழங்கி வருகின்றனர். முன்னவர் கையில் மத்திய வங்கியின் அறிக்கை இருக்கிறது. பின்னவர் கையில் கடைக்காரர் எழுதிக் கொடுத்த துண்டு இருக்கிறது. கொழும்பிலே கந்தோர் நடத்துவோரும் கிளிநொச்சியிலே வயல் விதைப்போரும் ஒரே நாட்டைப் பற்றித்தான் பேசுகின்றனரா என ஐயுறும் அளவிற்கு இவ்விரு கூற்றுக்களும் எதிரெதிராக நிற்கின்றன. இருவரில் ஒருவர் பொய்யர் என்று முடிவுகட்டிவிடுதல் எளிது. நாம் அவ்வாறு கருதவில்லை.

அரசின் பக்கத்துச் சாட்சியத்தை முதலில் நேர்மையாக எடுத்துக்கொள்வோம். 2022 ஏப்பிரல் 12 ஆம் நாள், வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்தும் வல்லமை தனக்கில்லையென இலங்கை உலகறியக் கூறிற்று. அவ்வாண்டு செத்தெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின்படி விலையேற்றம் ஏறத்தாழ 70 சதவீதம். எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் நாட்கணக்கில் வரிசை. வரிசையில் நின்றவாறே உயிர்நீத்தாரும் உளர். 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் ஏறக்குறைய 300 கோடி டொலர் கடன் வழங்க இணங்கியது. 2024 செத்தெம்பரில் விலையேற்றம் சுழிக்கும் கீழே இறங்கிற்று. அவ்வாண்டு நாட்டின் உற்பத்தி 5 சதவீதம் வளர்ந்தது. வரிசைகள் மறைந்தன. நீரிறைக்கும் இயந்திரத்திற்கு மண்ணெண்ணெய் தேடி அலைந்த கமக்காரர் இதனை மறுக்கமாட்டார். நம்மவர் சிலரோ, சொல்வது அரசு என்பதனாலேயே இவற்றைப் பொய்யென்று தள்ளிவிடுகின்றனர். அத்தகைய வாதம் எந்த நீதிமன்றத்திலும் நில்லாது.

ஆயின் அதே சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்தலும் வேண்டும். விலையேற்றம் சுழிக்குக் கீழே இறங்கியது என்றால் பழைய விலை திரும்பிவிட்டது என்பது பொருளன்று. ஏறிய விலை ஏறிய இடத்திலிருந்து சிறிதே இறங்கிற்று என்பதுதான் பொருள். 2021 இல் நூறு ரூபாவிற்கு வாங்கியதை 2024 இல் வாங்குவதற்கு அதனிலும் மிகக் கூடிய தொகை வேண்டியிருந்தது. 5 சதவீத வளர்ச்சியின் கதையும் இதுவே. 2022 இல் 7 சதவீதத்திற்கு மேலும், 2023 இல் 2 சதவீதத்திற்கு மேலும் சுருங்கிய பின்னரே அந்த ஐந்து வந்தது. 2021 இல் நூறாக இருந்த உற்பத்தி 2024 இல் தொண்ணூற்றைந்து அளவில் நின்றது. கிணற்றில் விழுந்தவர் கட்டுக்கு இன்னும் வந்து சேரவில்லை. பெறுமதிசேர் வரியோ 2024 சனவரியில் 18 சதவீதமாயிற்று. மக்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் வறுமையில் வாடுவதாக உலக வங்கி அவ்வாண்டிற்குக் கணக்கிட்டது. இது 2019 இல் இருந்ததைப் போல் இருமடங்காகும்.

இவ்வளவையும் கொழும்பிலுள்ள ஆய்வாளர்களே கூறிவிடுவர். நாம் எழுப்ப விரும்பும் வினா வேறு. நாடு நலமென்றோ நலிவென்றோ தீர்ப்பளிப்பவர் எவ்விடத்தில் நின்று, யாருடைய கணக்கேட்டைப் பார்த்து, தீர்ப்பளிக்கிறார்? இவ்வினாவின் முழுப் பாரமும் விளங்க வேண்டுமாயின் நம் தோட்டக்காரர் இன்றும் மறவாத ஏழாண்டுகளை நினைவுகூர்தல் போதும்.

1970 முதல் 1977 வரை ஆண்ட திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசு, அந்நியச் செலாவணிப் பற்றாக்குறையால் மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு முதலியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்திற்று. தெற்கே அக்காலம் பாணுக்கு விடியுமுன் வரிசையில் நின்ற காலம்; அரிசியை ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொரு மாவட்டத்திற்குக் கொண்டுசெல்லத் தடை இருந்த காலம். 1977 தேர்தலில் அவ்வரசு அடியோடு சாய்ந்தமைக்கு அந்த வரிசைகள் பெருங்காரணம். அதே ஆண்டுகளைப் பற்றி வலிகாமத்துச் செம்மண் தோட்டக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். செத்தல் மிளகாய் விற்றுக் கல்வீடு கட்டிய காலம் என்பார். சுன்னாகத்திலிருந்து வெங்காயம் லொறி லொறியாகத் தெற்கே சென்றது. விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் காடு வெட்டிக் குடியேறிய படித்த வாலிபர் பலர் அரசாங்க உத்தியோகத்தை மறந்து மண்ணிலே ஊன்றினர். கொழும்புக் குடும்பத்தை வாட்டிய கொள்கை எதுவோ, அதுவே யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரரை வாழ்வித்தது.

ஆயினும் அத்தோட்டக்காரரின் வீட்டினுள்ளே சென்று பார்த்தால் கதை மீண்டும் மாறுகிறது. 1971 இல் பல்கலைக்கழக அனுமதிக்குத் தரப்படுத்தல் வந்தது. மருத்துவம், பொறியியல் போன்ற துறைகளிற் புகுவதற்குத் தமிழ்மொழி மூலம் தோற்றிய மாணவர், சிங்களமொழி மூலம் தோற்றியவரிலும் கூடிய புள்ளிகள் பெறல் வேண்டுமென்றாயிற்று. 1972 மே 22 ஆம் நாட் குடியரசு யாப்பு, சிங்களத்தை ஆட்சிமொழியென அரசியற் சட்டத்திலேயே பொறித்து, பௌத்தத்திற்கு முதன்மை இடமளித்தது. சிறுபான்மையினர்க்குக் காப்பென்று சோல்பரி யாப்பில் இருந்த 29 ஆம் பிரிவு அத்துடன் மறைந்தது. மிளகாய்ப் பணத்தில் தந்தை வீட்டுக்கு அத்திவாரம் இட்ட அதே மாதத்தில், மகன் தன் பரீட்சைப் பெறுபேற்றைக் கையில் வைத்துக்கொண்டு திண்ணையில் அமர்ந்திருந்தான். அக்குடும்பம் நலமாக இருந்ததா? தந்தையைக் கேட்டவர் ஒன்று எழுதியிருப்பர். மகனைக் கேட்டவர் வேறொன்று எழுதியிருப்பர். தமிழ் இளைஞரின் போராட்டம் அந்தத் திண்ணைகளிலிருந்தும் எழுந்ததென்பதை இன்று அறியாதார் இலர். அக்காலத்துத் தேசிய வருமானக் கணக்கில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

இன்னுமொன்று கூறவேண்டும், அது நமக்கே கசப்பானது. யாழ்ப்பாணத்தவர் பொற்காலமென்று போற்றும் அந்த ஆண்டுகளின் நடுவில், 1973, 1974 இல், மலையகத் தேயிலைத் தோட்டங்களிலே பட்டினி தலைவிரித்தாடிற்று. தோட்டப்புறங்களில் இறப்பு வீதம் சடுதியாக உயர்ந்தது. மடிந்தவர்கள் தமிழர். தப்பியோரிற் பலர் பிழைப்புத் தேடி வன்னிக்கு வந்து, மிளகாய்த் தோட்டங்களிற் கூலிக்கு நின்றனர். அவர்களுக்குக் கொடுத்த கூலி எவ்வளவு, படுக்கக் கொடுத்த கொட்டில் எத்தகையது என்பவற்றை நம் மேடைகளில் எவரும் எடுத்துரைத்ததாக நாம் கேட்டதில்லை. கொழும்பு நம்மைக் கணக்கில் எடுப்பதில்லை என்று முறையிடும் நாம், அவர்களை எந்தக் கணக்கில் எழுதினோம்?

1977 இன் பின் கதவு திறந்தது. 1978 இல் வளர்ச்சி 8 சதவீதத்தை எட்டியது. கொழும்புக் கடைகள் நிறைந்தன. வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் வந்திறங்க நம் தோட்டக்காரரின் விலை விழுந்தது. யாழ்ப்பாணம் பொது நூலகம் எரிந்த 1981 உம் புள்ளிவிபரப்படி நாடு நன்றாக வளர்ந்த ஆண்டுதான்.

2009 இற்குப் பிந்திய கணக்கும் இவ்வாறே கண்ணைக் கட்டிற்று. போர் முடிந்ததை அடுத்த சில ஆண்டுகளில், மாகாணங்களுள் வடமாகாணமே மிக விரைவாக வளர்ந்ததென மத்திய வங்கி காட்டிற்று. இதிற் பொய் இல்லை. எரிந்த வீட்டிற்குக் கூரை போட்டாலும் கணக்கில் அது உற்பத்தி. உடைந்த வீதிக்குத் தாரிட்டாலும் உற்பத்தி. வீடு எரிந்தபோது எவரும் அதனைக் கழித்து எழுதவில்லை. அந்த வளர்ச்சியின் நிழலிலேதான் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பெண்கள் நுண்கடன் கம்பனிகளின் கிழமைத் தவணைக்குள் அகப்பட்டனர். 1990 இல் மக்கள் வெளியேற்றப்பட்ட வலிகாமம் வடக்குச் செம்மண்ணில், இராணுவத்தின் கையிலிருந்து இன்னும் மீளாத பகுதியும் உண்டு. விதைக்கப்படாத வெங்காயம் எந்த அறிக்கையிலும் நட்டமாகப் பதியப்படுவதில்லை.

ஆகவே, நாடு எழுந்துவிட்டது என்பார்க்கு, எந்த மாவட்டம், எந்தத் தொழில் என்று கேட்போம். நாடு மூழ்கிவிட்டது என்று வாய்க்கு வந்தவாறு பேசும் நம்மவரிடமும் அதே கேள்வியைக் கேட்போம். கண்ணீரைக் கணக்காக ஏற்குமாறு பாராளுமன்றத்தை நாம் வற்புறுத்த இயலாது. நமது கணக்கை நம் பெயராற் கேட்க வேண்டிய வடமாகாண சபையின் ஆயுள் 2018 ஒக்டோபரில் முடிந்தது. 2025 முடியும்வரை அதற்குத் தேர்தல் நடைபெறவில்லை. ஏழாண்டுகளாக ஆளுநரே ஆட்சி. சபைக்காக நாம் வாதாடுவோம். அதுவரை கணக்கு எழுதாமல் இருக்க வேண்டியதில்லை.

நம் கணக்காளரும் ஆசிரியரும் சட்டத்தரணிகளும் ஊர்தோறும் கமக்காரர் அமைப்புக்களோடு ஒருநாள் அமர்தல் வேண்டும். ஒரு பரப்பு வெங்காயத்திற்கு விதை, உரம், கிருமிநாசினி, இறைப்புச் செலவு, கூலி எவ்வளவு. சந்தையிற் கிடைத்த விலை எவ்வளவு. அதிற் கழிவென்று வெட்டப்பட்டது எவ்வளவு. விதைப்புக்கு அடகு வைத்த நகை மீண்டதா என்பவற்றை எழுதுக. கழிவு வெட்டுபவர் கொழும்பார் அல்லர், நம் சந்தை வியாபாரிகளே என்பதற்காக அந்த வரியை விட்டுவிட வேண்டாம். கூலிக்கு வந்தவரின் நாட்சம்பளத்தையும் அவர் வாயாற் கேட்டே எழுதுக. ஊருக்குப் பத்துத் தோட்டங்களாக நூறு தோட்டங்களின் கணக்கு வந்து சேருமாயின், அடுத்த வரவு செலவுத் திட்ட விவாதத்திற்கு முன் அதனைத் தொகுத்து நம் பாராளுமன்ற உறுப்பினர் ஒவ்வொருவர் கையிலும் கொடுக்கும் பொறுப்பை நாம் ஏற்கிறோம்.