மையும் மெய்யும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

தமிழ் இலக்கியத்தில் மை எழுதாத கண்ணைக் காண்பது அரிது. பெண்ணின் கண்ணைப் பழம்புலவர்கள் 'உண்கண்' என்றே அழைத்தார்கள். மையை உண்ட கண் என்பது அதன் பொருள். மை பூசுவதைக் 'கண் எழுதுதல்' என்றார்கள். வள்ளுவரும் காமத்துப்பாலில் இரண்டு இடங்களில் இந்த எழுத்தைப் பேசுகிறார். காதலர் என் கண்ணுக்குள்ளேயே இருக்கிறார். மை எழுதினால் அவர் மறைந்துபோவாரே என்று ஒரு தலைவி மை எழுத மறுக்கிறாள். மை எழுதும்போது கோலைக் கண் காணாததுபோல, கணவர் அருகில் வந்ததும் அவர் குற்றம் எனக்குத் தெரியாமல் போகிறது என்கிறாள் இன்னொருத்தி.

முதல் தலைவியை இலக்கிய மாணவர்களிடமே விட்டுவிடுவோம். இரண்டாம் தலைவி சொன்னது வேதியியல் மாணவிக்கும் உரியது. கண்ணுக்கு மிக அருகில் வரும் கோலைக் கண் காண்பதில்லை. அந்தக் கோலின் நுனியில் இருப்பது என்ன என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? அதைக் கேட்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மேடைக் கண்

கல்லூரி நாள் விழா நெருங்கினால் நம் மாணவியர் விடுதியில் கண்ணாடிக்குப் போட்டி வந்துவிடும். நடனத்துக்கும் நாடகத்துக்கும் கண்ணைப் பெரிதாக எழுத வேண்டும். ஒப்பனைக்காரரை அமர்த்தப் பணம் ஏது? தாமே எழுதிக்கொள்கிறார்கள். உடனே ஒரு குரல் எழும்: "படிக்க வந்த பெண்களுக்கு இந்த வேடமெல்லாம் எதற்கு?"

இக்குரலுக்கு நம் வட்டாரத்திலேயே பதில் இருக்கிறது. செங்கற்பட்டு, காஞ்சிபுரம், செய்யாறு பக்கத்து ஊர்களில் திரௌபதி அம்மன் கோயில் பாரத விழாவைப் பார்த்தவர்கள் அறிவார்கள். கூத்துக் கலைஞர்கள் கையில் ஒரு சிறு கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு தம் முகத்தைத் தாமே எழுதுவார்கள். துரியோதனன் கண்ணும் திரௌபதி கண்ணும் காதுவரை நீளும். விளக்கொளியில் கடைசி வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கும் அந்தக் கோபமும் கண்ணீரும் தெரிய வேண்டும் அல்லவா? அதற்காகத்தான் அத்தனை பெரிய கண். மரபாகக் கூத்தில் திரௌபதி வேடமும் ஆண்கள் கட்டியதே. அவர்களை நோக்கி யாரும் 'இது எதற்கு' என்று கேட்டதில்லை. பெண் எழுதினால் மட்டும் கேள்வி பிறப்பது என்ன நியாயம்?

மாமல்லபுரம் நாட்டிய விழாவில் ஆடும் பரதக் கலைஞர்களின் கண்ணும் இவ்வாறே எழுதப்படுகிறது. அதே மாமல்லபுரத்தில் உளி பிடிக்கும் சிற்பிகள் தெய்வத் திருமேனிக்குக் கண் திறப்பதைக் கடைசி வேலையாக வைத்திருக்கிறார்கள். கண் திறந்த பிறகுதான் கல்லும் தெய்வமாகிறது. எனவே கண்ணை எழுதுவது அற்ப வேலை என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. எழுதுங்கள் என்றே சொல்கிறேன். எதைக்கொண்டு எழுதுகிறோம் என்பதில்தான் என் கவலை.

அரிதாரமும் அஞ்சனமும்

ஒப்பனை செய்வதை 'அரிதாரம் பூசுதல்' என்கிறோம். அரிதாரம் என்பது மஞ்சள் நிறக் கனிமம். அதன் வேதியியல் பெயர் ஆர்சனிக் டிரைசல்பைடு. நூறு கிராம் அரிதாரத்தில் ஏறக்குறைய 61 கிராம் ஆர்சனிக். முகத்துக்கு மஞ்சள் நிறம் தந்த அப்பொருள் நஞ்சு. இன்று எந்த வண்ணத்தைப் பூசினாலும் அந்தப் பெயரையே சொல்கிறோம். பழமையின் அழகு அதில் இருக்கிறது; பழமையின் ஆபத்தும் இருக்கிறது.

கண் மையின் கதையும் இதுதான். பண்டை எகிப்தியரும் அரபு நாட்டாரும் வட இந்தியரும் கண்ணுக்கு இட்ட கருப்புப் பொடிகளில் முக்கியமானது கலீனா என்னும் ஈயச் சல்பைடு. சுர்மா என்ற பெயரில் அது இன்னும் பல இடங்களில் விற்கப்படுகிறது. மூலக்கூறு எடையைக் கொண்டு கணக்கிட முதலாண்டு வேதியியலே போதும். ஈயம் 207, கந்தகம் 32. நூறு கிராம் கலீனாவில் 86 கிராமுக்கு மேல் ஈயம்! பத்து லட்சம் பங்கில் 8,66,000 பங்கு என்று இதைச் சொல்லலாம். நம் நாட்டு விதிகளின்படி அழகுப்பொருள்களில் சேர்க்கும் சாயங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 20 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது. நிறத்துக்காக ஈயச் சேர்மங்களையோ ஆர்சனிக் சேர்மங்களையோ சேர்ப்பது அறவே தடை. இருபது எங்கே, எட்டரை லட்சம் எங்கே!

ஈயம் உடலில் சேர்ந்தால் எலும்பில் தங்கும். இரத்தத்தையும் மூளையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். குழந்தைகளுக்கு இது பெருங்கேடு. வயிற்றுக்குள் போகும் ஈயத்தைச் சிறு குழந்தையின் உடல் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு உறிஞ்சிக்கொள்ளும். கண்ணைக் கசக்கிய கை அடுத்த நொடியே வாய்க்குத்தானே போகிறது? குழந்தைக்கு இவ்வளவு ஈயம் வரை பாதுகாப்பானது என்று சொல்லத்தக்க அளவு எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

"எகிப்தியர் என்ன முட்டாள்களா?" என்று ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்விதான். பிரெஞ்சு வேதியியலாளர்கள் 2010இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், மிகமிகச் சிறிய அளவு ஈய அயனி தோல் செல்களில் நைட்ரிக் ஆக்சைடு உண்டாவதைத் தூண்டியதைக் கண்டார்கள். கண்நோய்க் கிருமிகளை எதிர்க்க அது உதவியிருக்கக்கூடும். நைல் வெள்ளத்தோடு கண்நோயும் பரவிய காலத்தில், வேறு மருந்து இல்லாத மக்களுக்கு அது ஒரு வழி. கண் மருத்துவமனை எட்டும் தூரத்தில் இருக்கும் நமக்கு அந்த வழி எதற்கு?

வீட்டு மை

"அதனால்தான் வீட்டிலேயே மை கூட்ட வேண்டும், இயற்கையானது, கெடுதல் இல்லாதது" என்பார்கள் நம் வீட்டுப் பெரியவர்கள். பொன்னாங்கண்ணிச் சாற்றிலோ கரிசலாங்கண்ணிச் சாற்றிலோ வெள்ளைத் துணியை நனைத்து நிழலில் உலர்த்தித் திரியாக்கி, விளக்கெண்ணெயில் எரிப்பார்கள். சந்தனம் தடவிய தட்டைச் சுடருக்கு மேல் கவிழ்ப்பார்கள். படிந்த கரியைச் சுரண்டி விளக்கெண்ணெயிலோ நெய்யிலோ குழைத்தால் மை.

இதில் நடப்பது குறை எரிதல். காற்று போதாத சுடரில் எண்ணெய் முழுவதும் எரியாமல் நுண்ணிய கரியாகத் தட்டில் படிகிறது. ஈயக் கனிமம் எதையும் இதில் சேர்ப்பதில்லை. அந்த வகையில் நம் பாட்டிமார் கலீனாவைவிட மேலான வழியைக் கண்டவர்கள். அவர்களுக்கு என் வணக்கம். ஆனால் 'கெடுதலே இல்லை' என்ற முடிவுக்கு அவசரப்பட்டு வரக்கூடாது. கரியோடு அரைகுறையாக எரிந்த வேறு சேர்மங்களும் சிறிதளவு சேரும். சரியாகக் குழையாத கரித்துகள் கண்ணை உறுத்தும். பல மாதம் திறந்த டப்பியில் இருந்து, பல விரல்கள் பட்ட நெய் மையில் கிருமி வளரும். கைக்குழந்தையின் கண்ணுக்குள் விரலால் மை இழுப்பதைக் கண் மருத்துவர்கள் வேண்டாம் என்கிறார்கள். திருஷ்டிப் பொட்டைக் கன்னத்தில் வைத்தால் போதும். கண்ணேறு கன்னத்தையும் பார்க்கும்!

"இயற்கை என்றால் அமுதம், கடைச்சரக்கு என்றால் நஞ்சு" என்பது தவறான வாய்பாடு. கலீனாவும் இயற்கைதான், அரிதாரமும் இயற்கைதான். பெயரும் முகவரியும் உரிம எண்ணும் தொகுதி எண்ணும் காலாவதி நாளும் அச்சிட்ட நல்ல கடை மை, பெயரற்ற 'இயற்கை' டப்பியைவிட நம்பத்தக்கது. புதுப்பட்டினம் போன்ற ஊர்களில் திருவிழாக் கடை போட்டால் அங்கே எழுத்தே இல்லாத டப்பிகள் விற்கும். எழுத்து இல்லாத டப்பியைக் கண்ணருகே கொண்டுபோகாதீர்கள் என்பதே என் முதல் விதி.

ஒரு பழைய பாடம்

மேடைக்காகக் கண்ணெழுதுவோர் செய்யும் இரண்டு காரியங்களை இங்கே சொல்லியாக வேண்டும். இமையில் மினுமினுப்பு வேண்டுமென்று அலங்கார வேலைக்கு விற்கும் ஜிகினாத் தூளைத் தூவுவது ஒன்று. அதன் ஒவ்வொரு துகளும் வெட்டிய தகடு. கண்ணுக்குள் விழுந்தால் கருவிழியைக் கீறும்.

புருவமும் இமைமயிரும் கறுக்க வேண்டுமென்று தலைச்சாயத்தைத் தடவுவது மற்றொன்று. இதன் பாடம் அமெரிக்காவில் கிடைத்தது. 1933இல் 'லாஷ் லூர்' என்ற இமைச்சாயம் அங்கே விற்பனைக்கு வந்தது. அதில் இருந்தது பாராபினைலீன் டயமின் வகைச் சாயம். அதைப் பூசிய பெண்களில் பார்வை இழந்தவர் உண்டு. ஒருவர் உயிரே இழந்தார். அன்றைய அமெரிக்கச் சட்டம் அழகுப்பொருள்களைத் தொடவில்லை; அதனால் அரசால் அதைக் கடையிலிருந்து அகற்ற முடியவில்லை. 1938இல் புதிய சட்டம் வந்த பிறகே அந்த அதிகாரம் கிடைத்தது.

அதே பாராபினைலீன் டயமின் இன்றும் பல கருந்தலைச்சாயங்களில் உள்ளது. அதை இமைக்கும் புருவத்துக்கும் பயன்படுத்தக்கூடாது, பார்வை போகலாம் என்று ஆங்கிலத்திலும் உள்ளூர் மொழியிலும் அச்சிட வேண்டும் என்பது நம் நாட்டு விதி. அச்சிட்டும் இருக்கிறார்கள். படிப்பவர் யார்?

எழுதும் முறை

குற்றம் சொல்லிவிட்டு வழி சொல்லாமல் போவது முறையாகாது. மேடைக்குக் கண்ணெழுத வேண்டுமா? முதல் நாளே அந்த மையில் ஒரு துளியை முழங்கையின் உட்புறத்தில் தடவிப் பாருங்கள். அரிப்போ தடிப்போ வந்தால் அதைத் தொடாதீர்கள். எழுதும் நாளில் முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். இமைமயிரின் வேருக்கு வெளியே, மூக்குப் பக்கம் மெல்லியதாகக் கோட்டைத் தொடங்கி, வெளிக்கோடிக்கு வரவரத் தடிமனாக்குங்கள். கடைக்கண்ணைத் தாண்டி ஒரு விரற்கடை, புருவ நுனியை நோக்கிச் சற்றே உயர்த்துங்கள். கீழ்க்கோட்டையும் அதற்கு இணையாக நீட்டினால் மீன் வால் போல அமையும். கயல்விழி என்ற சொல்லுக்கு அப்போது கண்முன்னே பொருள் தெரியும்.

இமை மடிப்பில் பழுப்பு நிறப் பொடியை மெல்லத் தேயுங்கள். கருமை வெளிக்கோடியில் மட்டும் ஏறட்டும். பிறகு எட்டடி தள்ளி நின்று கண்ணாடியைப் பாருங்கள். மேடைக் கண்ணை அருகில் நின்று எடைபோடக்கூடாது. இமையின் உள்விளிம்பில் மட்டும் மை வேண்டாம். கண்ணீர் வற்றாமல் காக்கும் எண்ணெய்ச் சுரப்பிகளின் வாய் அங்கேதான் இருக்கிறது. மை அதை அடைத்துவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருவர் கோலை இன்னொருவர் தொடக்கூடாது. பத்துப் பேர் நடனத்துக்கு ஒரே மைக்கோல் சுற்றினால், ஒருத்தியின் 'மெட்ராஸ் ஐ' ஒன்பது பேருக்கும் பரிசாகக் கிடைக்கும். தோழமையைச் சோற்றில் காட்டுவோம்; மைக்கோலில் வேண்டாம். விழா முடிந்ததும், எத்தனை களைப்பானாலும், தேங்காய் எண்ணெய் தோய்த்த பஞ்சால் மையைத் துடைத்து முகம் கழுவிவிட்டுத்தான் படுக்க வேண்டும். கண் சிவந்தால் அந்த மையைத் தூர எறியுங்கள். சிவப்பு தணியாவிட்டால் மருத்துவரிடம் போங்கள்.

படித்தவர் கடமை

இக்கல்லூரியில் என்னைப்போல் வீட்டின் முதல் பட்டதாரிகளாகப் போகிறவர்கள் பலர். நம் அன்னையரும் அண்டை வீட்டாரும் வாங்கும் டப்பியில் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் படித்துச் சொல்ல, வீட்டில் நம்மைத் தவிர யார் இருக்கிறார்கள்? சட்டம் எழுதிவிட்டது, தயாரிப்பாளரும் அச்சிட்டுவிட்டார். படித்துச் சொல்ல ஆள் இல்லாத வீட்டில் அந்த எழுத்து வெறும் கோலம். கலீனாவின் மூலக்கூறு எடை தேர்வுத்தாளில் ஐந்து மதிப்பெண்ணோடு நின்றுவிட்டால், நாம் படித்ததன் பயன்தான் என்ன?

ஆகவே நம் பேராசிரியப் பெருமக்களிடம் ஒரு வேண்டுகோள். கல்லூரி நாளுக்கு ஒரு வாரம் முன்பு, வேதியியல் ஆய்வுக்கூடத்தில் ஒரு மணி நேரம் எங்களுக்குத் தாருங்கள். ஆடுபவரும் நடிப்பவரும் தத்தம் ஒப்பனைப் பெட்டியோடு வரட்டும். ஒவ்வொரு டப்பியாக எடுத்து அதன்மேல் எழுதியிருப்பதை உரக்கப் படிப்போம். எழுத்தில்லாததைக் குப்பைத் தொட்டியில் இடுவோம். பொருளியல் மாணவியும் தமிழ் இலக்கிய மாணவியும் வேதியியல் கூடத்துக்குள் வர அதைவிட நல்ல சாக்கு வேறு கிடைக்காது. அன்று கற்றதை அவரவர் ஊருக்கும் கொண்டுபோவோம்.

வள்ளுவரின் தலைவிக்குக் கோல் தெரியாமல் போனது காதலின் சிறப்பு. நமக்கும் தெரியாமல் போனால் அது கல்வியின் குறை. கண்ணை அழகாக எழுதுவோம். எழுதும் முன் கோலைக் கண்ணால் பார்ப்போம்.