அளந்து பார்த்தால் நெல் கூடுமா?

ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை நெருங்க நெருங்க, எமது கிராமங்களில் பத்து வயதுப் பிள்ளைகளின் முகம் வாடத் தொடங்குகிறது. விடிய எழும்பினால் ஒரு வகுப்பு. பாடசாலை விட்டால் இன்னொரு வகுப்பு. இரவில் கடந்தகால வினாத்தாள்க் கட்டு. கூலி வேலைக்குப் போகும் தாய் தகப்பனும் வயிற்றைக் கட்டி ரியூசன் காசு கொடுக்கிறார்கள். காணியையும் வீட்டையும் விட்டு ஓடியவர்களுக்கு, எங்கு போனாலும் கூடவே வரும் சொத்து கல்வி ஒன்றுதான் என்பது தெரியும். 1995இல் வலிகாமத்தை விட்டு வெளியேறி மரநிழலில் படித்தவர்களும், 2009இல் செட்டிகுளம் முகாம்களில் படித்தவர்களும் இன்று பெற்றோராக இருக்கிறார்கள். ஆகவே அவர்களது அவசரத்தை நாம் குறைகூற வரவில்லை. ஒன்றை மட்டும் கேட்க விரும்புகிறோம். இத்தனை பாடுபட்ட பிறகு, எமது பிள்ளை தான் வாசிப்பதை விளங்கிக்கொள்கிறதா?

இந்தப் பரீட்சை ஏழைப் பிள்ளைகளை வதைப்பதற்காக வந்ததல்ல. 1940களில் சி. டபிள்யு. டபிள்யு. கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்தபோது, இலவசக் கல்வியோடும் மத்திய பாடசாலைகளோடும் சேர்ந்து இது வளர்ந்தது. கிராமத்தில் வறுமையில் கிடக்கும் கெட்டிக்காரப் பிள்ளைக்கு நல்ல பாடசாலையின் கதவைத் திறந்துவிடுவதே அதன் நோக்கம். இன்று ஆண்டுதோறும் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இதற்குத் தோற்றுகிறார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலானோர் வெட்டுப்புள்ளியைத் தாண்டுவதில்லை. பரீட்சைக்குச் சில நாட்களுக்கு முன்னரே கருத்தரங்குகளையும் மாதிரி வினாத்தாள் விநியோகத்தையும் பரீட்சைத் திணைக்களம் தடைசெய்ய வேண்டியிருக்கிறது என்றால், நெருக்குதல் எவ்வளவு என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இந்த நெருக்குதலில் முதலில் அடிபடுவது வாசிப்பு. ஒரு சிறு பந்தியை எடுத்துக்கொள்வோம். “மாரி பிந்தியது. குளத்தில் சிறிதளவு நீரே இருந்தது. பல வயல்கள் வாடின. ஒரு கமக்காரர் மாத்திரம் ஆவணியிலேயே தமது வாய்க்காலைத் துப்புரவு செய்திருந்தார். அவருடைய பயிர் பச்சையாக நின்றது.” இதிலே “வாய்க்காலைத் துப்புரவு செய்தவர் யார்?” என்று கேட்டால் எந்தப் பிள்ளையும் விடை எழுதும். கேள்வியில் உள்ள சொல்லைப் பந்தியில் தேடிப் பிடித்து, அந்த வரியைப் பார்த்து எழுதினால் போதும். விளங்க வேண்டியதில்லை. “அவருடைய பயிர் மட்டும் பச்சையாக நின்றது ஏன்?” என்று கேட்டுப் பாருங்கள். விடை எந்த வரியிலும் இல்லை. குளத்து நீர் கொஞ்சமானாலும் துப்புரவான வாய்க்காலில் வழியில் தங்காமல் வயலுக்கு வந்து சேரும் என்பதைப் பிள்ளை தானாகச் சேர்த்துப் பார்க்க வேண்டும். நூறு வினாத்தாள் செய்த பிள்ளையும் இந்த இடத்தில் பேனையைக் கடித்துக்கொண்டிருப்பதை நாம் காண்கிறோம்.

காரணம் பிள்ளையின் மந்தம் அல்ல. நாம் அந்தப் பிள்ளைக்கு வாசிக்கக் கற்பிக்கவில்லை. வாசிப்பைச் சோதித்துக்கொண்டே இருந்தோம். அறுவடை நெல்லைப் புசலில் எத்தனை தரம் அளந்தாலும் ஒரு மணிகூடக் கூடாது. நெல் கூட வேண்டுமானால் உழ வேண்டும், பசளை இட வேண்டும், களை பிடுங்க வேண்டும். வினாத்தாள் என்பது அளவை, உழவு வேறு.

இந்தக் குறை எமது நாட்டுக்கு மட்டும் உரியதுமல்ல. அமெரிக்காவில் டொலோரஸ் டர்கின் என்ற ஆய்வாளர் நான்காம் வகுப்புகளில் வாசிப்புப் பாடம் எப்படி நடக்கிறது என்று உட்கார்ந்து அவதானித்தார். 1978-79இல் வெளியான அவரது முடிவு பலரைத் திடுக்கிட வைத்தது. அவதானித்த 4,469 நிமிடங்களில், விளங்கி வாசிப்பது எப்படி என்று கற்பித்த நேரம் வெறும் 20 நிமிடங்கள். ஆசிரியர்கள் சும்மா இருக்கவில்லை. கேள்வி கேட்டார்கள், விடை சரியா பிழையா என்று பார்த்தார்கள், பயிற்சித்தாள் கொடுத்தார்கள். அளந்தார்கள்; உழவில்லை.

அப்படியானால் உழுவது எப்படி? 1984இல் பலின்சார், பிரவுண் என்ற இரு பெண் ஆய்வாளர்கள் ஒரு வழியை வெளியிட்டார்கள். எழுத்துக்கூட்டிச் சரளமாக வாசித்தும் பொருள் விளங்காத பிள்ளைகளோடு அவர்கள் வேலை செய்தார்கள். நான்கு பழக்கங்களைக் கற்பித்தார்கள். முதலாவது, அடுத்து என்ன வரும் என்று ஊகிப்பது. இரண்டாவது, வாசித்த பகுதியைப் பற்றித் தானே ஒரு கேள்வி கேட்பது. மூன்றாவது, விளங்காத சொல்லிலோ வரியிலோ நின்று அதைத் தெளிவாக்கிக்கொண்டு போவது. நான்காவது, வாசித்ததைத் தன் சொந்தச் சொல்லில் சுருக்கிச் சொல்வது. முதலில் ஆசிரியர் வாய்விட்டுச் செய்து காட்டுவார். பின்னர் பிள்ளைகள் முறைவைத்து ஆசிரியர் இடத்தில் இருந்து செய்வார்கள். பிள்ளைகளின் விளக்கம் தெளிவாக முன்னேறியது. இதற்குக் கணினியும் வேண்டாம், பளபளக்கும் புத்தகமும் வேண்டாம். ஒரு பந்தியும் ஐந்தாறு பிள்ளைகளும் இருந்தால் ஓலைக் கொட்டிலிலும் செய்யலாம்.

இன்னொன்றும் எமக்கு நம்பிக்கை தருகிறது. 1988இல் ரெக்ட், லெஸ்லி என்ற இருவர் 64 மாணவருக்கு பேஸ்போல் விளையாட்டைப் பற்றிய ஒரு பந்தியை வாசிக்கக் கொடுத்தார்கள். வாசிப்பில் பின்தங்கியவர்களென்று கணிக்கப்பட்டிருந்தும் அந்த விளையாட்டை நன்கு அறிந்திருந்த பிள்ளைகள், விளையாட்டை அறியாத கெட்டிக்கார வாசகரைவிட நன்றாக விளங்கிக்கொண்டார்கள். இதன் பொருள் என்ன? மனதில் ஏற்கெனவே இருக்கும் அறிவின் மேல்தான் வாசிப்பு கால் ஊன்றுகிறது. எமது பிள்ளைகள் வெறும் மனத்தோடு வருபவர்களல்லர். பெரும்போகம், சிறுபோகம், மதகு, வரம்பு, மாட்டு நோய், கிணற்று நீர் உவர்ப்பது, சந்தையில் விலை விழுவது எல்லாம் அவர்களுக்குத் தெரியும். முகாம் வாழ்க்கையும் பங்கீட்டு வரிசையும் அவர்களது குடும்பங்களின் அறிவுதான். இந்த அறிவிலிருந்து தொடங்கிப் பழக்கினால் பிள்ளை துணிவு பெறும். பிறகு தான் காணாத கடலையும் நகரத்தையும் பற்றிய பந்தியிலும் அதே துணிவோடு இறங்கும்.

“பரீட்சைக்கு நேரம் போதாது, இதெல்லாம் பிறகு பார்ப்போம்” என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு விடயத்தை நினைவூட்ட விரும்புகிறோம். 2025 மார்ச் 28ஆம் திகதி ஒரு வர்த்தமானி அறிவித்தல் வெளியானது. வடமாகாணத்தில் ஏறத்தாழ 5,900 ஏக்கர் காணிக்கு, மூன்று மாதங்களுக்குள் உரிமை கோராவிட்டால் அது அரச காணியாகக் கருதப்படும் என்பது அதன் சாரம். இடம்பெயர்வில் உறுதிகளைத் தொலைத்தவர்களும் வெளிநாட்டில் இருப்பவர்களும் என்ன செய்வார்கள் என்ற கேள்வி எழுந்தது. எதிர்ப்புக்குப் பின் யூன் மாதத்தில் அரசாங்கம் அதை மீளப்பெற்றது. எதிர்ப்பு எழுந்ததற்குக் காரணம், அதை யாரோ சிலர் ஊன்றி வாசித்ததுதான். “மூன்று மாதங்களுக்குள்”, “உரிமை கோராவிடின்” என்ற சொற்களுக்குள் எமது வயலும் வளவும் அடங்கியிருந்தன. சொல்லைப் பார்த்து எழுதத் தெரிந்தவருக்கு அது விளங்காது. இந்த வரியால் எனக்கு என்ன நேரும் என்று கேட்கப் பழகியவருக்கே விளங்கும்.

காணி அனுமதிப்பத்திரம், கடன் ஒப்பந்தம், கிருமிநாசினிப் போத்தலில் உள்ள அறிவுறுத்தல் எல்லாம் இப்படித்தான். எந்தப் பத்திரத்தின் கீழும் நான்கு விடைகள் தந்து ஒன்றின் கீழ்க் கோடிடச் சொல்ல மாட்டார்கள். வெட்டுப்புள்ளிக்குக் கீழே நின்றுவிட்ட பிள்ளைக்கும் நாளை இவையெல்லாம் வந்து சேரும். அந்தப் பிள்ளையை “பெயில்” என்று ஒதுக்கிவிட்டு, விளங்கி வாசிக்கவும் கற்பிக்காமல் விட்டால், இரண்டு தரம் அநியாயம் செய்தவர்களாவோம்.

ஆகவே நாம் கேட்பது பரீட்சையைக் கைவிடும்படியல்ல. ஆசிரியர்களே, கிழமையில் ஐந்து வினாத்தாள் செய்விக்கும் இடத்தில் மூன்று செய்வியுங்கள். மிச்ச நேரத்தில் ஒரே ஒரு பந்தியை எடுத்து, நீங்கள் எப்படி விளங்கிக்கொள்கிறீர்கள் என்பதை வாய்விட்டுச் சொல்லிக் காட்டுங்கள். பிள்ளை பிழையான விடை சொன்னால் “பிழை” என்று வெட்டாமல் “எந்த வரியைப் பார்த்து அப்படி நினைத்தாய்?” என்று கேளுங்கள். இப்படிப் பழகிய பிள்ளை பரீட்சையிலும் பின்நிற்காது.

பெற்றோரே, உங்களுக்கு வாசிப்பு அவ்வளவாக வராதென்றாலும் தயங்க வேண்டாம். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிடம் பிள்ளை வாசிக்கட்டும், நீங்கள் கேளுங்கள். “இனி என்ன நடக்கும்?”, “ஏன் அப்படிச் செய்தார்?”, “எனக்கு விளங்கும்படி உன் சொல்லிலே சொல்லு” என்ற இந்த மூன்று கேள்விகளைக் கேட்க எழுத்தறிவு தேவையில்லை. பழைய பத்திரிகைத் துண்டும், யூரியாப் பையில் உள்ள எழுத்தும், வீட்டுக்கு வந்த கடிதமும் வாசிக்கப் போதும். பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் அப்பாச்சி, அம்மம்மாமார் கதையைப் பாதியில் நிறுத்தி “பிறகென்ன?” என்று கேட்பதும் இதே வித்தைதான்.

கிராம அபிவிருத்திச் சங்கங்களும் மாதர் சங்கங்களும் மாலை வகுப்புக்குப் பணம் சேர்க்கும்போது, வினாத்தாள் பிரதிகளுக்குக் கொடுக்கும் காசில் ஒரு பங்கை வாசிப்புப் புத்தகங்களுக்கு ஒதுக்கட்டும். புள்ளி ஒரு நாளோடு முடியும். விளங்கி வாசிக்கும் பழக்கம் எந்த இடப்பெயர்விலும் தொலையாது. எந்தக் கந்தோர் வாசலிலும் தலைகுனியவும் விடாது. அதை எமது பிள்ளைகள் எல்லோருக்கும் கொடுப்போம்.