தில்லையில் ஏறி... டில்லியில் இறங்கி!

நம்ம ஊர் அகராதியில் பனின்னா என்ன பாஸ்? மார்கழி விடிகாலையில் கிள்ளை ரோட்டில் எதிரே வர்ற சைக்கிள்கூடத் தெரியாம மூடுமே, அது. 'தலையில துண்டைக் கட்டிக்கிட்டுப் போடா'ன்னு பாட்டி வாசல்வரைக்கும் துரத்திவருமே, அது. மொத்தத்தில் பனிங்கிறது நமக்குத் தலையில் இறங்குற சமாசாரம். அது காலுக்குக் கீழே முழங்கால் ஆழத்துக்குக் கிடக்க, ரெண்டு நீளப் பலகையைக் கட்டிக்கிட்டு சர்ருன்னு வழுக்கிட்டுப் போறதெல்லாம் சினிமா டூயட்டில் பார்த்ததோட சரி.

ஆனா ஆசை யாரை விட்டது? செமஸ்டர் லீவு வந்தா வகுப்புக்கு ஒரு டூர் கமிட்டி முளைக்குது. ஊட்டி அலுத்தாச்சு, கொடைக்கானல் பார்த்தாச்சு. 'மச்சி, இந்தத் தடவை குலு மணாலிடா!'

போறதும் போறோம். அங்கே என்ன நடக்குது தெரியுமா? வாடகைக்கு ஒரு கோட்டு, ஒரு ஜோடி கம்பூட்ஸ். சோலாங் பள்ளத்தாக்கில் வேனை விட்டு இறங்கினா ஒரு அண்ணன் ஓடிவந்து காலில் ஸ்கீயை மாட்டிவிடுவார். கையைப் பிடிச்சு கொஞ்ச தூரம் இழுப்பார். நாலு போட்டோ, ரெண்டு வீடியோ. 'டைம் ஆச்சு'ன்னு டிரைவர் ஹாரன் அடிச்சிடுவார். ஊருக்கு வந்து, 'ஸ்கீயிங் பண்ணோம்ல!'ன்னு காலரைத் தூக்கிவிட்டுக்கலாம். யார் வந்து கேட்கப் போறாங்க?

கிள்ளைக்காரங்க கேட்கலாம். ஏன்னா, நமக்கு இந்த ஆட்டத்தோட மறுபக்கமும் தெரியும். பிச்சாவரத்துக்கு வர்ற வெளியூர் கும்பலைத்தான் தினம் பார்க்கிறோமே... ஒரு மணி நேரம் படகு, சுரபுன்னை வேருக்கு நடுவில் நாலு செல்ஃபி, 'சூப்பர் பிளேஸ்'னு ஒரு சர்ட்டிஃபிகேட், அடுத்த பஸ். தண்ணி எப்போ ஏறும், எப்போ வத்தும், எந்த வாய்க்காலில் படகு தரை தட்டும்னு அவங்களுக்குத் தெரியாது. சிதம்பரத்துக்கே பேர் கொடுத்த தில்லை மரக் கிளையை ஒடிச்சா, வர்ற பால் கண்ணில் பட்டு பார்வைக்கே ஆபத்துன்னும் தெரியாது. படகுக்கார அண்ணன் சொன்னா கேட்பாங்க. சிலர் அதையும் கேட்க மாட்டாங்க. அதைப் பார்த்து நாம தலையில் அடிச்சுக்கிறோம்.

மணாலியில் அதே வெளியூர் கும்பல் யாரு? நாமதான்!

இது சிரிச்சுட்டுப் போற விஷயம் இல்லை. 2014 ஜூன் 8-ம் தேதி ஹைதராபாத்தைச் சேர்ந்த இன்ஜினீயரிங் மாணவர்கள் மணாலிக்கு டூர் போற வழியில், மண்டி மாவட்டத்தில் பியாஸ் ஆற்றங்கரையில் இறங்கினாங்க. தண்ணி கம்மியா ஓடுது, பாறை பாறையா கிடக்குது, போட்டோவுக்கு அருமையான இடம். மேலே இருக்கிற லார்ஜி நீர்மின் அணையில் தண்ணியைத் திறந்துவிட்டது அவங்களுக்குத் தெரியாது. சில நிமிஷத்தில் ஆறு பொங்கிடுச்சு. 24 மாணவ மாணவிகள் திரும்பி வரவே இல்லை. அணைப் பக்கம் எச்சரிக்கை போதலைங்கிறது ஒரு பெரிய குற்றச்சாட்டு. அது ஒருபக்கம் இருக்கட்டும். கூடவே ஒரு உள்ளூர்க்காரர் இருந்து 'இங்கே இறங்காதே தம்பி'ன்னு சொல்லியிருந்தா..?

அதனால்தான் சொல்றேன். பனிக்குப் போறதுன்னா சுற்றுலாப் பயணியா போகாதீங்க; மாணவனா போங்க, மாணவியா போங்க. அதுக்கு வழி இருக்கு. மணாலியில் இமாச்சல அரசோட அடல் பிஹாரி வாஜ்பாய் மலையேற்ற நிறுவனம், காஷ்மீர் குல்மார்க்கில் மத்திய சுற்றுலா அமைச்சகத்தோட பனிச்சறுக்கு மற்றும் மலையேற்ற நிறுவனம் - ரெண்டுமே வருஷா வருஷம் பனிக்காலத்தில் பேசிக் ஸ்கீயிங் கோர்ஸ் நடத்துறாங்க. சுமார் ரெண்டு வாரம். தங்குமிடம், சாப்பாடு, ஸ்கீ, பூட்ஸ், பயிற்சி எல்லாம் கட்டணத்துக்குள்ளேயே அடக்கம். எவ்வளவுங்கிறது அவ்வப்போது மாறும். அவங்க வெப்சைட்டிலேயே பார்த்துக்குங்க. டாக்டர்கிட்ட மெடிக்கல் சர்ட்டிஃபிகேட் வாங்கணும். இடம் சீக்கிரம் நிரம்பிடும், ஆற அமர யோசிச்சா அம்பேல்!

முதல் நாளே மலை உச்சியிலிருந்து பறக்கலாம்னு கனவு காணாதீங்க. முதல் பாடமே விழறதுதான். எப்படி விழணும், விழுந்த பிறகு பலகையோட எப்படி எழுந்திருக்கணும். அப்புறம் பக்கவாட்டில் அடி வெச்சு, படி ஏறுற மாதிரி சரிவில் ஏறணும். பத்து நிமிஷம் ஏறினா பத்து செகண்டில் கீழே வந்துடுவோம். திரும்ப ஏறணும். அடுத்து 'ஸ்னோ ப்ளவ்'. ரெண்டு ஸ்கீயோட மூக்கையும் கிட்டத்தில் கொண்டுவந்து, வாலை அகட்டி, உள்விளிம்பால் பனியை அழுத்தினா வேகம் குறையும். அதான் பிரேக்! பிரேக் கைவசமான பிறகுதான் திரும்புறது, வேகமா போறது எல்லாம்.

இதில் நம்ம ஊர்ப் பசங்களுக்கு ஒரு போனஸ் இருக்கும்னு தோணுது. ஆடுற தோணியில் நின்னுக்கிட்டுக் கோல் போடுறவன் முட்டியை மடிச்சு, உடம்பைத் தளர்த்தி, பார்வையைத் தூரத்தில் வெச்சுத்தானே நிற்கிறான்? விறைப்பா நின்னா தண்ணிக்குள்ளேதான். ஸ்கீயிலும் அதே கதைதான், விறைச்சவன் விழுவான்.

'கடலோரத்துப் பயலுக்கு மலையில் என்ன வேலை?'ன்னு வீட்டில் கேட்பாங்க. பதில் ரெடியா இருக்கு. சென்னைக்குப் பக்கத்துல கோவளம் மீனவ கிராமத்தைச் சேர்ந்தவர் ராஜசேகர் பச்சை. அலைச்சறுக்குப் பயிற்சியாளர். 2023 மே மாதம் எவரெஸ்ட் உச்சியில் நின்னார். 'பொம்பளைப் பிள்ளையை எப்படி அனுப்புறது?'ன்னு அடுத்த கேள்வி வரும். காபித் தோட்டமும் மழையும் உண்டு, பனிச்சரிவு கிடையாதுங்கிற குடகு மண்ணில் பிறந்தவர் பவானி தெக்கடா. கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டில் பனிச்சறுக்குப் பதக்கங்கள் வாங்கினார். 2023-ல் ஸ்லோவேனியாவில் நடந்த உலக சாம்பியன்ஷிப் வரைக்கும் போனார்.

சரி, கணக்குக்கு வருவோம். சிதம்பரத்தில் ரயிலேறி எழும்பூர். அங்கிருந்து சென்ட்ரல். சென்ட்ரலிலிருந்து டில்லிக்கு 2,182 கிலோமீட்டர், ரெண்டு ராத்திரி. டில்லியிலிருந்து மணாலிக்கு இன்னொரு ராத்திரி பஸ். போக வர ஒரு வாரம், பயிற்சி ரெண்டு வாரம், ஆக மூணு வாரம். பிரச்னையே இங்கேதான். நம்ம லீவு டிசம்பரில், ஆருத்ரா தரிசனத்தை ஒட்டி வருது. ஸ்கீயிங்குக்கு நல்ல பனி பெரும்பாலும் ஜனவரி நடுவிலிருந்து மார்ச் வரை. பொங்கல் லீவை இழுத்தாலும் பத்தாது. முன்கூட்டியே துறைத் தலைவர்கிட்ட பேசி அனுமதி வாங்குறது ஒரு வழி. அட்டெண்டன்ஸ் கழுத்தை நெரிச்சா, கோடை விடுமுறையில் மணாலியிலும் உத்தரகாசி நேரு மலையேற்ற நிறுவனத்திலும் நடக்கிற பேசிக் மலையேற்றப் பயிற்சி இன்னொரு வழி. பனியில் நடக்கவும், கயிறு பிடிக்கவும் அதிலேயே கத்துக்கலாம்.

பெட்டி கட்டும்போது ஜீன்ஸை வீட்டிலேயே விட்டுடுங்க. நனைஞ்சா காயாது, குளிரை உடம்போட ஒட்டவெச்சிடும். கூலிங் கிளாஸ் ஸ்டைலுக்கு இல்லை. புதுப் பனி சூரியனோட புற ஊதாக் கதிரில் 80 சதவிகிதம் வரைக்கும் திருப்பி அடிக்கும். சோலாங்கே சுமார் 2,500 மீட்டர் உயரம். தலைவலி, குமட்டல் வந்தா மறைக்காம பயிற்சியாளர்கிட்ட சொல்லணும். 'தைரியசாலி' பட்டமெல்லாம் அங்கே செல்லாது.

கடைசியா ஒண்ணு... 'அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்'னு ரொம்ப நாள் தள்ளாதீங்க. பனியும் முன்னே மாதிரி சொன்ன சொல்லைக் காப்பாத்துறதில்லை. 2025 பிப்ரவரியில் குல்மார்க்கில் நடக்க வேண்டிய கேலோ இந்தியா போட்டிகளே போதுமான பனி இல்லாம மார்ச்சுக்குத் தள்ளிப்போச்சு.

அங்கே இருக்கிற பயிற்சியாளருக்கு மலை எப்படியோ, நம்ம படகுக்கார அண்ணனுக்கு அலையாத்திக் காடு அப்படி. ரெண்டு வாரம் அவர் பின்னாடி நடங்க, கேள்வி கேளுங்க, விழுங்க, எழுந்திருங்க. கிளம்பும்போது, 'எங்க ஊருக்கு வாங்கண்ணே, தோணி விடக் கத்துத் தர்றோம்'னு கூப்பிட்டுட்டு வாங்க. அவர் வந்தா ஒரு மணி நேரத்தில் அனுப்பிடாதீங்க!