உரிமம் வாங்குவதா? ஓட்டக் கற்பதா?

பட்டம் பெற்றபின் என்ன செய்வது என்ற வினா மாணவ நண்பர் ஒவ்வொருவர் உள்ளத்திலும் உண்டு. வங்கித் தேர்வு, ஆசிரியர் பயிற்சி, வளைகுடா நாடு என்று பட்டியலிடும் நண்பர்கள், இறுதியில், "எதற்கும் ஒரு ஹெவி லைசென்சும் எடுத்து வைப்போம்" என்கின்றனர். நல்ல எண்ணந்தான். பட்டதாரி ஓட்டுநராவது இழுக்கன்று. ஆனால், 'எடுத்து வைப்போம்' என்ற அந்தச் சொல்லில்தான் எனக்கு உடன்பாடில்லை. உரிமம் கடையில் வாங்கிப் பெட்டியில் பூட்டிவைக்கும் பண்டமா?

நம் கடையநல்லூர் திருமங்கலம் - கொல்லம் தேசிய நெடுஞ்சாலையில் அமைந்த ஊர். புளியங்குடி எலுமிச்சையும் பாவூர்சத்திரம் சந்தைக் காய்கறியும் லாரியேறிப் புளியரை வழியாகக் கேரளம் செல்கின்றன. குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கினால் சுற்றுலா வேன்கள் வரிசை கட்டுகின்றன. எனவே இத்தொழிலுக்கு இங்கே வேலை உண்டு. எந்த வகை உரிமம், எந்தப் பயிற்சிப் பள்ளி என்பதை ஆராய்ந்து தெரிவதே நம் கடமை.

முதலில் வகை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி 18 வயது நிரம்பியவர் இலகு ரக வாகன உரிமம் பெறலாம். மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட வாடகைக் காரையும் 'குட்டி யானை' போன்ற சரக்கு வண்டியையும் ஓட்ட அந்த உரிமமே போதும். தனி ஒப்புதல் தேவையில்லை என்று 2024 நவம்பர் 6இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. ஆகவே வாடகைக் கார் ஓட்ட விரும்புபவர் பெருமைக்காகக் கனரக உரிமத்துக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை.

லாரியோ பேருந்தோ ஓட்ட விரும்புபவருக்கு வேறு வழி. வயது 20 ஆகியிருக்க வேண்டும். இலகு ரக உரிமம் பெற்று ஓராண்டு கழிந்த பின்னரே பழகுநர் உரிமம் கிடைக்கும். முதலாண்டில் இலகு ரகம், மூன்றாமாண்டில் கனரகம் என்று திட்டமிட்டால் நம் கல்லூரிக் காலத்துக்கும் இது பொருந்தி வரும்.

அடுத்து பள்ளி. நம்மவர் கேட்பவை மூன்றே கேள்விகள்: கட்டணம் எவ்வளவு? எத்தனை நாளில் கிடைக்கும்? அவர்களே 'பாஸ்' போட்டுத் தருவார்களா? கேட்க வேண்டியவை வேறு. 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள், போக்குவரத்து வாகனப் பயிற்சி 30 நாளுக்குக் குறையக் கூடாது. அதில் உண்மையாக வண்டி ஓட்டும் நேரம் 15 மணிக்குக் குறையக் கூடாது என்கின்றன. பயிற்சி வண்டியில் ஆசிரியர் காலடியிலும் பிரேக் இருக்க வேண்டும். அந்த ஆசிரியர் பத்தாம் வகுப்புத் தேறி, ஐந்தாண்டு ஓட்டிய அனுபவமும் மோட்டார் இயந்திரவியல் சான்றும் உடையவராக இருக்க வேண்டும்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஒரு லாரியில் நால்வரை ஏற்றி நாள்தோறும் ஒரு மணி நேரம் பழக்கினால் ஒருவருக்குக் கிடைப்பது 15 நிமிடம். முப்பது நாளில் ஏழரை மணி. விதி கேட்பதில் சரிபாதி! இதையாவது முழுமையாகத் தருகின்ற பள்ளிகள் எத்தனை?

போக்குவரத்து வாகன உரிமம் கேட்பவர் 'படிவம் 5' என்ற பயிற்சிச் சான்றைப் பள்ளியிடமிருந்து பெற்றுத் தர வேண்டும். பயிற்சியின்றி அதில் இடப்படும் பொய்க் கையெழுத்து யாரைப் பாதிக்கும்? ஆரியங்காவிலிருந்து புளியரைக்கு இறங்கும் மலைச்சாலையை எண்ணிப் பாருங்கள். பாரம் ஏற்றிய லாரி இறக்கத்தில் தாழ்ந்த கியரில், என்ஜினின் பிடியிலேயே இறங்க வேண்டும். விடாமல் பிரேக்கை மிதித்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். மைதானத்தில் 'எட்டு' போட்டு மட்டும் பழகியவருக்கு இது எப்படித் தெரியும்? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. ஆனால் இங்கே கெடுவது கறியன்று, எதிர்வளைவில் வரும் வண்டியிலுள்ள உயிர்கள்.

"அந்தக் காலத்து ஓட்டுநர்கள் எந்தப் பள்ளியில் படித்தார்கள்?" என்று சிலர் வாதிடுவர். கிளீனராக ஏறி, ஆண்டுக்கணக்கில் மூத்த ஓட்டுநரின் அருகிலிருந்து கற்றவர்கள் அவர்கள். லாரியே அவர்களுக்குப் பள்ளி. அந்தப் பயிற்சியும் இன்றி, இந்தப் பயிற்சியும் இன்றி உரிமம் தேடுவோர்க்கு அவர்களை எடுத்துக்காட்டும் உரிமை இல்லை.

2021இல் வந்த விதிகளின்படி, அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையங்களில் கனரகத்துக்கு ஆறு வாரத்தில் 38 மணி நேரப் பயிற்சி உண்டு. அங்கே தேறியவருக்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஓட்டுத் தேர்விலிருந்து விலக்கும் உண்டு. தேர்வே இல்லையென்றால், பயிற்சியின் நேர்மை ஒன்றுதானே காவல்?

பள்ளிகள் மட்டுமா குற்றவாளிகள்? 'வராமலே கிடைக்குமா?' என்று கேட்பவர்கள் நாம்தாமே! மாணவர் ஓட்டிய நேரத்தைக் குறிக்கும் பதிவேட்டை ஒவ்வொரு பள்ளியும் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. சேருமுன் அதைக் காட்டச் சொல்வோம். தயங்கும் பள்ளியின் படியேற வேண்டாம். சேர்ந்தபின், ஓட்டாத நேரத்துக்கு ஒப்பமிட மறுப்போம். நம் கல்லூரியின் வேலைவாய்ப்பு வழிகாட்டும் பேராசிரியர்கள் இவ்விவரங்களை அறிவிப்புப் பலகையில் எழுதி வைத்தால் பலருக்கும் பயன்படும்.

சான்று பள்ளி தரும். உரிமம் அரசு தரும். இறக்கத்தில் வண்டியை அடக்கும் திறமையை மட்டும் நாமேதான் உழைத்துப் பெற வேண்டும். அதற்குரிய பதினைந்து மணி நேரத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்க வேண்டாம், நண்பர்களே!

— மூன்றாமாண்டு மாணவன்