நாற்பது பேர், ஒரு சனிக்கிழமை, 240 மணி நேரம்

போன வருடம் பிப்ரவரி கடைசியில் ஒரு சனிக்கிழமை. வேப்பந்தட்டைக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளி வாசலில் ஏ.சி. பஸ் ஒன்று வந்து நின்றது. ஒரே கலரில் டீ-ஷர்ட் போட்ட நாற்பது பேர் இறங்கினார்கள். சினிமா ஷூட்டிங் என்று நினைத்துக்கொண்டு ஊரில் பாதிப் பேர் ஓடி வந்துவிட்டார்கள் (நானும்தான்). விசாரித்தால், வெளியூர்க் கம்பெனி ஒன்றின் ஊழியர்களாம். 'வாலண்டியரிங்' செய்ய வந்திருக்கிறார்களாம்.

நான் கல்லூரியில் என்.எஸ்.எஸ்.-ல் இருப்பது ஹெச்.எம். டீச்சருக்குத் தெரியும். என்னையும் கூப்பிட்டு பெயிண்ட் டப்பா தூக்குகிற வேலையைக் கொடுத்துவிட்டார். சும்மா சொல்லக்கூடாது, வந்தவர்கள் எல்லாம் நல்ல மாதிரி. வெயிலில் முகம் சிவக்கச் சிவக்க மதில் சுவரில் பட்டாம்பூச்சியும் அப்துல் கலாமும் வரைந்தார்கள். முப்பது மரக்கன்று நட்டார்கள். பிள்ளைகளோடு கோகோ ஆடினார்கள். குரூப் போட்டோ எடுத்தார்கள். நாலு மணிக்கு பஸ் கிளம்பிவிட்டது.

நிற்க. இதற்கு இரண்டு வாரம் முன்னால் நடந்ததையும் சொல்ல வேண்டும். அந்தக் கம்பெனிக்காக ஏற்பாடு செய்கிற தொண்டு நிறுவனத்திலிருந்து ஒருவர் வந்து, "பள்ளிக்கு என்ன வேண்டும் மேடம்?" என்று கேட்டார். டீச்சர் யோசிக்கவே இல்லை. "மோட்டார் காயில் எரிஞ்சு ரெண்டு மாசம் ஆச்சு சார். பொம்பளப் பிள்ளைங்க கழிவறைக்குத் தண்ணி இல்ல. அதைச் சரி பண்ணிக் கொடுத்தாப் போதும்." அவர் குறித்துக்கொண்டார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்: "நாப்பது பேரும் சேர்ந்து செய்யுற மாதிரி ஒரு வேலை சொல்லுங்க மேடம்."

அவரையும் குறை சொல்ல முடியாது, அவர் பாவம். இந்த ஏற்பாடு எப்படி ஓடுகிறது என்று பிறகுதான் தேடிப் படித்தேன். கம்பெனியில் மனிதவளத் துறையோ சி.எஸ்.ஆர். துறையோ ஒரு தேதியைக் குறிக்கும். தொண்டு நிறுவனம் ஒன்றைப் பிடிக்கும். வருகிற ஆளுக்கு இவ்வளவு என்று அந்த நிறுவனத்துக்குப் பணம் கொடுப்பதும் உண்டு. அவர்கள் பள்ளியோ ஏரியோ ஓர் இடம் தேடுவார்கள். ஆள் எண்ணிக்கை, தேதி, பஸ், சாப்பாடு எல்லாம் முடிவான பிறகு கடைசியாக வருவதுதான் "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்ற கேள்வி. மோட்டார் கட்ட ஓர் ஆள் போதும். மீதி முப்பத்தொன்பது பேர் என்ன செய்வார்கள்? அதனால் சுவர்.

இதெல்லாம் சட்டப்படி கட்டாயம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். பாதிதான் சரி. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-வது பிரிவு 2014 ஏப்ரல் 1-ல் அமலுக்கு வந்தது. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இந்த மூன்றில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். ஆனால் ஊழியர்களை அனுப்பு என்று எங்கேயும் சொல்லவில்லை.

சுவாரசியம் இனிமேல்தான். 2014 ஜூனில் வந்த அரசுச் சுற்றறிக்கை, தொண்டு செய்யப் போகும் ஊழியர் அதில் செலவிட்ட நேரத்துக்கான சம்பளத்தை சி.எஸ்.ஆர். கணக்கில் சேர்க்கலாம் என்றது. 2016 ஜனவரியில் வந்த விளக்கம் கதவைச் சாத்திவிட்டது. ஊழியர்களை ஈடுபடுத்துங்கள், நல்லதுதான். ஆனால் அவர்கள் உழைப்பைக் காசாக்கி அந்த 2 சதவீதத்தில் காட்டக்கூடாது. 2021 ஆகஸ்டிலும் இதையே திரும்பச் சொன்னார்கள். மாரத்தான் மாதிரி ஒரே நாளில் முடிகிற நிகழ்ச்சிகள் கணக்கில் வராது என்பது 2014 சுற்றறிக்கையிலேயே இருக்கிறது.

சரி, காசுக் கணக்கில் சேராத ஒன்றை கம்பெனிகள் ஏன் விடாமல் செய்கின்றன? என் அறிவுக்கு எட்டிய வரை பதில் இதுதான்: அது ஊழியருக்காக நடக்கிறது. வாரம் முழுக்கத் திரையையே பார்த்துக்கொண்டிருப்பவருக்கு ஒரு மாற்று, பக்கத்து டீமோடு பழக்கம், கம்பெனியைப் பற்றி ஒரு பெருமை. அமெரிக்காவில் டிம்பர்லேண்ட் என்கிற ஷூ கம்பெனி 1992-லேயே ஊழியர்களுக்குத் தொண்டு செய்ய வருடத்துக்கு 16 மணி நேரம் சம்பளத்தோடு கொடுத்தது. பிறகு அதை 40 ஆக்கினார்கள். சேல்ஸ்ஃபோர்ஸில் வருடத்துக்கு ஏழு நாள். ஊழியர் சந்தோஷப்படுவது ஒன்றும் பாவமில்லை. ஆனால் அதற்கு 'ஊருக்கு உதவி' என்று பெயர் வைக்கும்போது ஊர் வாயைத் திறந்து கேட்கலாம் இல்லையா?

கேட்க முடியாமல் செய்வது அந்த மணிக் கணக்கு. ஆண்டறிக்கையில் 'தன்னார்வ மணி நேரம்' என்று ஒரு பெரிய எண் போடுவார்கள். எங்கள் பள்ளிக்கு வந்தது நாற்பது பேர், ஆளுக்கு ஆறு மணி நேரம். ஆக 240 மணி நேரம். இந்த எண்ணைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்.எஸ்.எஸ்.-ல் ஒரு மாணவர் வருடத்துக்கு 120 மணி நேரம் வீதம் இரண்டு வருடத்தில் முடிக்க வேண்டியதும் அதே 240-தான்! இரண்டு வருடம் ஒரே கிராமத்துக்குப் போய்வருகிறவனுக்கு எந்த வீட்டுக் கிழவிக்குக் கண் தெரியாது, எந்தப் பையன் பருத்தி எடுக்கப் போய்ப் பள்ளிக்கு நின்றுவிட்டான் என்பது தெரியும். நாற்பது பேருக்கு ஆறு மணி நேரத்தில் பட்டாம்பூச்சிக்கு என்ன கலர் அடிக்கலாம் என்பது தெரியும். பேப்பரில் இரண்டும் ஒன்று. (என்.எஸ்.எஸ்.-லும் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடுகிறவர்கள் உண்டு. ஒப்புக்கொள்கிறேன், நானே இரண்டு முறை ஓடியிருக்கிறேன் :-) )

மரக்கன்று கதையைக் கேட்கவே வேண்டாம். எங்கள் பக்கம் மழை என்றால் ஐப்பசி, கார்த்திகைதான். கம்பெனிக்கு வருடம் மார்ச் 31-ல் முடிகிறது, அதனால் மாசியில் வந்து நட்டார்கள். சித்திரை வெயிலுக்கும் ஆடுகளுக்கும் தப்பியது இரண்டே இரண்டு வேம்பு.

வேறு மாதிரிச் செய்யவும் வழி இருக்கிறது. டாடா குழுமம் 2014-ல் ஆரம்பித்த டாடா என்கேஜில் வருடத்துக்கு இரண்டு தன்னார்வ வாரம் வரும். அது நம் பஸ் கதை மாதிரிதான். ஆனால் அதிலேயே ப்ரோஎங்கேஜ் என்று இன்னொன்று உண்டு. கணக்கு தெரிந்தவர், மென்பொருள் தெரிந்தவர் ஒரு தொண்டு நிறுவனத்துக்குத் தன் ஓய்வு நேரத்தில் சில மாதங்கள் தொடர்ந்து அந்த வேலையையே செய்துகொடுக்க வேண்டும். இதில் போட்டோ நன்றாக வராது. ஆனால் வேலை நடக்கும்.

இன்னொன்றும் உறுத்துகிறது. நாரணமங்கலத்தில் டயர் தொழிற்சாலை, எறையூரில் சர்க்கரை ஆலை, ஷூ தொழிற்சாலை, அரியலூர் முழுக்க சிமெண்ட் ஆலைகள். நம்மைச் சுற்றி ஃபிட்டரும் எலக்ட்ரீஷியனும் நிறைந்து கிடக்கிறார்கள். ஆனால் 'தன்னார்வலர்' என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது லேப்டாப் பை மாட்டியவர்தான். ஷிப்டில் நிற்கிறவருக்குச் சம்பளத்தோடு இப்படி ஒரு சனிக்கிழமை கொடுத்து நான் பார்த்ததில்லை. ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவரின் ஒரு மணி நேரம், பிரஷ் பிடித்த நாற்பது பேரின் நாளைவிடப் பள்ளிக்கு அதிகம் உதவும்.

அந்த மோட்டார் என்ன ஆச்சு என்கிறீர்களா? என் சித்தப்பா ஒரு ஆலையில் ஃபிட்டர். வார லீவில் வீட்டுக்கு வந்தவரிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். "ஏண்டா, இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?" என்று என்னைத் திட்டிக்கொண்டே மோட்டாரைக் கழற்றி, பெரம்பலூருக்கு எடுத்துப்போய்க் காயில் கட்டி, மறு வாரம் மாட்டிவிட்டார். செலவை டீச்சரும் ஊர்க்காரர்கள் நாலு பேரும் பகிர்ந்துகொண்டார்கள். சித்தப்பாவின் மணி நேரத்தை யாரும் எந்த அறிக்கையிலும் எழுதவில்லை.

இந்த வருடமும் அதே கம்பெனியிலிருந்து கேட்டார்கள். டீச்சர் பதில் கடிதம் எழுத என்னைக் கூப்பிட்டார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். சுவருக்குப் பெயிண்ட் வேண்டாம், போன வருடம் அடித்ததே நன்றாக இருக்கிறது. நாற்பது பேர் வேண்டாம், எட்டாம் வகுப்புக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்க இரண்டு பேர் வந்தால் போதும், பத்து சனிக்கிழமை வர வேண்டும். கன்று நடுவதாக இருந்தால் ஐப்பசியில் வரவும்.

கடிதம் போய் மூன்று வாரம் ஆகிறது. இன்னும் பதில் வரவில்லை.