சாய்வுப் பாதையும் சாத்திய கதவும்

மெல்பேணிலுள்ள மகளைப் பார்க்க யாழ்ப்பாணத்திலிருந்து புறப்படும் தாயொருத்தி சக்கர நாற்காலியில் இருப்பவளாயின், அவளிடம் ஒரே கேள்வி இரு தடவை கேட்கப்படுகிறது. நடமாட உதவி தேவையா என விமானக் கம்பனி கேட்கிறது. ஆம் என்றால் உதவியாள் வந்து நிற்பான். அவுஸ்திரேலிய விசா விண்ணப்பமும் அதையே கேட்கிறது. அங்கே ஆம் என்றால், அவள் தேகத்துக்கு விலைபோடும் கணக்குத் தொடங்கலாம். முன்னையது உபசாரம், பின்னையது விசாரணை.

அந்நாடு தன் வசதிகளைப் பற்றிப் பெருமை பேசுவதில் நியாயம் உண்டு. மாற்றுத்திறனாளிகளுக்கு எதிரான பாரபட்சத்தை 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது. 2002இல் பொதுப் போக்குவரத்துக்கு நியமங்கள் வகுக்கப்பட்டன. புகையிரதங்களுக்கும் டிராம் வண்டிகளுக்கும் 2032இன் முடிவு இறுதித் தவணை. மணலில் உருளும் நாற்காலிகள் கிடைக்கும் கடற்கரைகளும் அங்கு உண்டு. பிரயாண வழிகாட்டிகள் இவற்றைப் பட்டியலிட்டு "வருக" என்கின்றன. இவற்றை நாம் பழிக்கவில்லை. இவை போராடிப் பெற்ற பேறுகள்.

ஆனால் அதே 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, குடிவரவுச் சட்டத்தையும் அதன் நிருவாகத்தையும் அத்தடைக்கு வெளியே நிறுத்திவிட்டது. பாரபட்சம் எங்குங் கூடாது, வாசலைத் தவிர! 2008இல் ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்தை ஏற்றபோதும், தன் சுகாதார நிபந்தனைகளை அது பாதிக்காது என்ற பிரகடனத்துடனேயே அவ்வரசு ஏற்றது.

கணக்கின் விதி விசித்திரமானது. விண்ணப்பதாரியின் நிலையிலுள்ள கற்பனை மனிதன் ஒருவனுக்கு வைத்தியமும் சமூக சேவையும் எவ்வளவு செலவாகும் என மதிப்பிடுவர். அச்சேவைகளை விண்ணப்பதாரி உண்மையில் பெறுவாரா என்பது பொருட்டன்று. செலவின் எல்லைத்தொகை 2024 ஜூலையில் 86,000 டொலராக உயர்த்தப்பட்டது.

பொதுப்பணத்தைக் காப்பது அரசின் கடமையன்றோ எனச் சிலர் வாதிப்பர். சில வாரம் தங்கும் விருந்தினர் அவ்வெல்லையைத் தாண்டுதல் அரிது என்றும் ஆறுதல் கூறுவர். அரிதாயின் அவ்விசாரணை எதற்கு? இலங்கையிலிருந்து செல்லும் விருந்தினருக்கு அந்நாட்டின் மெடிகெயார் உரிமையே இல்லை. நோயுற்றால் சொந்தப் பணமோ காப்புறுதியோதான் கதி. ஆகவே இங்கு காக்கப்படுவது பணமன்று, பழைய மனப்பான்மையே. 1901ஆம் ஆண்டுக் குடிவரவுத் தடைச் சட்டம் வெள்ளையரல்லாதாரைச் சொல்வதெழுதற் பரீட்சையால் விலக்கியது. பொதுமக்களுக்குப் பாரமாவார் என உத்தியோகத்தர் கருதியோரையும் அதே பிரிவில் விலக்கியது. 1958இல் இயற்றப்பட்ட சட்டம் பரீட்சையை ஒழித்தது. 'பாரம்' என்ற பார்வையை ஒழிக்கவில்லை. மனிதனை வரவுசெலவு ஏட்டில் ஒரு வரியாகக் காண்பது முதலாளித்துவக் கணக்கு. 52ஆம் பிரிவு நீக்கப்படல் வேண்டும் என்போம்.

நம் ஊர்களில் இவ்விண்ணப்பங்களை முதியோருக்கு நிரப்பிக் கொடுப்போர் பெரும்பாலும் ஆசிரியரும் மாணவருமாகிய நாமே. அக்கேள்விக்கு 'ஆம்' என எழுதுகையில் நம் கை தயங்குகிறது. தாயின் முகம் குனிகிறது. அந்த வெட்கம் அவளுடையதன்று. கேள்வியை அவ்விடத்தில் வைத்தவர்களுடையது. இதனை அவளுக்கு எடுத்துச் சொல்வது நம் முதற் கடமை.