ஃபோம் போட்டாச்சு, பதில் போடுறது ஆர்?

சோதனை, பகுதிநேர வேலை எண்டு கொஞ்ச நாளா இந்தப் பக்கம் எட்டிப் பாக்கேல்லை. இண்டைக்குக் கொஞ்சம் டெக்னிக்கலான பதிவு. அதுக்காகப் பயந்து ஓடிடாதேங்கோ, எங்கட சனத்தின்ர பிழைப்போட சம்பந்தப்பட்ட விசயம்தான் :-)

சொல்ல வாற விசயத்தை முதலிலயே சொல்லிப்போடுறன். சின்னத் தொழில் செய்யிற ஆக்கள் தங்கட இணையத்தளத்தில "தொடர்பு கொள்ள", "முற்பதிவு செய்ய" எண்டு ஃபோம் போடுறது நல்ல விசயம். ஆனா அந்த ஃபோமுக்குப் பின்னால பதில் சொல்ல ஒரு ஆள் இல்லையெண்டால், அதைக் கழட்டி எறிஞ்சுபோட்டு வெறும் போன் நம்பரைப் போடுறது எவ்வளவோ மேல்.

நான் இருக்கிறது ஹொல்ம்லியாவில. தெரியாத ஆக்களுக்கு: ஒஸ்லோவின்ர தெற்குப் பக்கம், ஒஸ்லோ எஸ்ஸிலயிருந்து எல்2 ரெயிலில பத்து நிமிசத்துக்குக் கிட்ட வரும். பெரும்பாலும் 80களில கட்டின குடியிருப்பு. இங்கயும் பக்கத்தில மோர்ட்டன்ஸ்ரூட் பக்கமும் எங்கட ஆக்கள் கனபேர். வீட்டில இருந்தபடியே பிளவுஸ் தைக்கிறவை, றோல்ஸ், பற்றிஸ், சாப்பாட்டு ஓடர் எடுக்கிறவை, மணப்பெண் அலங்காரம் செய்யிறவை, மணவறை சோடிக்கிறவை, வீணை, மிருதங்கம் சொல்லிக் குடுக்கிறவை எண்டு ஒரு பெரிய சின்னத்தொழில் உலகமே இருக்கு. கனக்கப் பேர் பொம்பிளையள். பகல்ல வேற வேலை, பின்னேரம் இந்த வேலை.

இவையளுக்கு ஓடர் எப்பிடி வருது? போன், வட்ஸ்அப், கோயிலில கண்டு கதைக்கிறது. "பிறகேன் ஃபோம்? வட்ஸ்அப் இருக்குத்தானே?" எண்டு கேக்கிற ஆக்களுக்கு என்ர பதில் இது. மூண்டு நிமிச வொய்ஸ் மெசேஜ் ஒண்டில, நடுவில எங்கயோ "200 பேர், அதில 30 பேர் சைவம்" எண்டு வரும். அதைத் திருப்பித் திருப்பிக் கேக்கவேணும். கொதிக்கிற எண்ணெய்க்கு முன்னால நிக்கேக்க போன் அடிக்கும். இதைவிடப் பெரிய விசயம், எங்கட சனத்துக்கு வெளியில இருக்கிற வாடிக்கையாளருக்கு அந்த நம்பரே தெரியாது. மேல் மாடியில இருக்கிற நோர்வேக்காரர், பக்கத்து பாகிஸ்தான் குடும்பம், இங்க பிறந்து வளந்த எங்கட பிள்ளையள், இவையெல்லாம் தெரியாத ஆளுக்குப் போன் எடுக்கிறதைவிட இரவு 11 மணிக்கு ஒரு ஃபோம் நிரப்பத்தான் விரும்புவினம். அதால ஃபோம் வேணும். அதில எனக்குச் சண்டை இல்லை.

பிரச்சினை எங்க எண்டால், மருமோனோ அண்ணன்ர மகனோ ஒரு சனிக்கிழமை இருந்து வேர்ட்பிரஸில தளம் செய்து ஃபோமையும் போட்டுக் குடுத்திட்டுப் போயிடுவார். ஃபோம் போற மின்னஞ்சலை ஆர் பாக்கிறது எண்டு ஒருத்தரும் கதைக்கிறேல்லை. போன் அடிச்சு எடுக்காட்டி மிஸ்ட் கோல் எண்டாவது இருக்கும். ஃபோம் துலைஞ்சால் துலைஞ்சதே தெரியாது. நிரப்பினவர் "பதிலே போடேல்லை, திமிர் பிடிச்ச ஆக்கள்" எண்டு நினைச்சுக்கொண்டு வேற இடம் போவார். தொழில் செய்யிறவ "ஏன் இந்த வருசம் ஓடரே இல்லை?" எண்டு யோசிச்சுக்கொண்டிருப்பா.

"ஃபோம் இருந்தாலே தொடர்பு வழி குடுத்தமாதிரித்தானே?" எண்டு கேட்டால், நீதிமன்றமே அதுக்குப் பதில் சொல்லியிருக்கு. ஜேர்மனியில இணையத்தில மட்டும் கார் இன்சூரன்ஸ் வித்த ஒரு நிறுவனம், ஒப்பந்தம் செய்ய முதல் போன் நம்பர் குடுக்காமல் தபால் முகவரி, மின்னஞ்சல், ஒரு கேள்வி ஃபோம் மட்டும் குடுத்தது. நுகர்வோர் அமைப்பு வழக்குப் போட்டுது. 2008 ஒக்டோபரில ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னதின்ர சாரம்: போன் நம்பர் கட்டாயமில்லை, ஃபோமும் காணும். ஆனா அது கெதியாவும் நேரடியாவும் பயனுள்ளதாவும் தொடர்பு கொள்ளுற வழியா இருக்கவேணும். அந்த நிறுவனம் அரை மணித்தியாலத்துக்கும் ஒரு மணித்தியாலத்துக்கும் இடையில பதில் போட்டதா வழக்கில சொல்லப்பட்டுது. இன்னொண்டும் சொன்னவை: வாடிக்கையாளர் இணைய வசதி இல்லாமல் நிண்டு வேற வழி கேட்டால், அதையும் குடுக்கவேணும்.

இதுக்கு நேர் எதிரான வழக்கு கூகிள்ட. அவையின்ர ஜேர்மன் தளத்தில போட்டிருந்த மின்னஞ்சலுக்கு எழுதினால், "கனக்க மெயில் வாறபடியால் இங்க வாறதை வாசிக்க ஏலாது" எண்டு தானியங்கிப் பதில் வரும். இது தொடர்பே இல்லை எண்டு பெர்லின் நீதிமன்றம் 2014இல சொல்லி, மேல்நீதிமன்றமும் 2017 நவம்பரில அதை உறுதி செய்தது.

நோர்வே ஐரோப்பிய ஒன்றியத்தில இல்லைத்தான். ஆனா ஐரோப்பியப் பொருளாதார வலயத்துக்குள்ள இருக்கிறதால அதே விதியளைத் தழுவின மின்வணிகச் சட்டம் இங்க 2003இல வந்திட்டுது. பேர், முகவரி, மின்னஞ்சல், 9 இலக்க நிறுவன எண், எல்லாம் தளத்தில இருக்கவேணும். ஃபோமை மட்டும் போட்டுட்டு மற்றதையெல்லாம் ஒளிச்சு வைக்க ஏலாது.

அடுத்தது, எல்லாரும் போட்டுக் குழப்பிற விசயம்: விசாரிக்கிறது வேற, முற்பதிவு வேற. மணப்பெண் அலங்காரம் செய்யிறவவுக்கு ஒரு நாளைக்கு ஒரு கலியாணம்தான். நாட்காட்டியோட இணைஞ்ச முற்பதிவு அவவுக்குச் சரிவரும், ஒருத்தர் எடுத்த நாளை மற்றவருக்குக் காட்டாது. ஆனா 300 பேருக்குச் சமைக்கிறவவுக்கு அது சரிவராது. என்ன சாப்பாடு, எந்த ஹோல், ஆர் ஏத்திப் பறிக்கிறது எண்டு கதைக்காமல் "ஓம்" சொல்ல ஏலாது. அவவுக்கு வேண்டியது "கேட்டுப் பாக்கிற" ஃபோம். அதுக்கு மேல "முற்பதிவு" எண்டு எழுதினால், அனுப்பின ஆள் தனக்கு நாள் கிடைச்சிட்டுது எண்டு நினைச்சு ஹோலுக்கு அட்வான்ஸும் கட்டிப்போடுவார். பிறகு சாமத்திய வீட்டண்டு சாப்பாடு இல்லை!

பட்டனில இருக்கிற சொல்லுக்கு இவ்வளவு பவரா எண்டு கேக்கிற ஆக்கள் ஜேர்மனியின்ர வடக்குக் கரையில கிறீட்சீல் எண்ட ஊரில இருக்கிற ஒரு ஹோட்டலின்ர வழக்கைப் பாருங்கோ. ஒருத்தர் இணையத்தில நாலு அறை எடுத்தார். 2018இல வரவேண்டிய ஆள் வரேல்லை. ஹோட்டல் 2,240 யூரோ கேட்டு வழக்குப் போட்டுது. கேள்வி என்ன எண்டால், "முற்பதிவை முடி" எண்டு மட்டும் இருக்கிற பட்டனை அமத்தினால் காசு கட்ட ஒத்துக்கொண்டமாதிரியோ? 2022 ஏப்ரலில ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது: பட்டனில இருக்கிற சொல்லை மட்டும்தான் பாக்கவேணும், சுத்தியிருக்கிற விளக்கத்தைப் பாக்கக்கூடாது. "முற்பதிவு" எண்ட சொல்லைக் கேட்ட உடன சாதாரண ஆளுக்குக் காசு கட்டவேணும் எண்ட எண்ணம் வருமோ எண்டதை ஜேர்மன் நீதிமன்றம் முடிவெடுக்கட்டும் எண்டு விட்டிட்டினம்.

இதைத் தமிழில யோசிச்சுப் பாருங்கோ. "பதிவு செய்" எண்டால் என்ன? நாங்கள் எழுதிறதும் பதிவு, கலியாணப் பதிவும் பதிவு, பேர் குடுக்கிறதும் பதிவு. காசு கட்டவேணும் எண்டால் "காசு கட்டி ஓடர் செய்" எண்டு போடுங்கோ. கேட்டுப் பாக்கிறது எண்டால் "விசாரிக்க" எண்டு போடுங்கோ. சட்டத்துக்காக மட்டுமில்லை, வாசிக்கிற ஆளுக்கு விளங்கவேணும்.

இனி எனக்கு உண்மையிலேயே கோவம் வாற இடம். எங்கட ஆக்களுக்காக எங்கட ஆக்கள் செய்யிற ஃபோமிலயும் முதற்பெயர், குடும்பப்பெயர் எண்டு ரெண்டு பெட்டி, ரெண்டும் கட்டாயம்! எங்களுக்கு ஏது குடும்பப்பெயர்? அப்பான்ர பேரைத்தான் போடுறம். ஊரிலயிருந்து ஒரு அம்மம்மா தலையெழுத்தை மட்டும் போட்டால் "குறைஞ்சது 2 எழுத்து வேணும்" எண்டு சிவப்பில வரும். இணையத்தின்ர தரம் வகுக்கிற டபிள்யூ3சி அமைப்பே ஆக்களின்ர பேர் பற்றி ஒரு கட்டுரை போட்டு வைச்சிருக்கு. உண்மையா ரெண்டு பெட்டி தேவையோ எண்டு யோசியுங்கோ, முழுப்பேருக்கு ஒரு பெட்டி காணுமெண்டால் அதையே போடுங்கோ எண்டு அதில இருக்கு. அதேபோல போன் நம்பர். நோர்வே நம்பர் 8 இலக்கம் எண்டு அதை மட்டும் ஏத்துக்கொள்ளுற ஃபோமில, ஒஸ்லோவில நடக்கப்போற கலியாணத்துக்கு லண்டனில இருக்கிற பெரியம்மா எப்பிடி ஓடர் குடுக்கிறது? திகதியும் அப்பிடித்தான். 05/08 எண்டால் இங்க ஓகஸ்ட் 5, வட அமெரிக்காவில இருக்கிற சொந்தத்துக்கு மே 8. மாதத்தை எழுத்தில போட்டால் என்ன குறைஞ்சு போகும்?

கேள்வியையும் குறையுங்கோ. பிறந்த திகதி, வீட்டு முகவரி எல்லாம் ஏன்? 2018 ஜூலை 20இலயிருந்து ஐரோப்பாவின்ர தனிநபர் தரவுச் சட்டம் நோர்வேயிலயும் நடைமுறையில இருக்கு. தேவையானதை மட்டும் கேள், தேவை முடிஞ்சால் அழி எண்டதுதான் அதின்ர அடிப்படை. சாப்பாட்டு ஓடரில ஒவ்வாமை கேக்கத்தான் வேணும். ஆனா அது உடல்நலத் தகவல். ஆரின்ர பிள்ளைக்கு என்ன வருத்தம் எண்டது நாலு வருசமா ஒரு மெயில்பெட்டியில கிடக்கக்கூடாது.

செய்து குடுக்கிற தம்பி தங்கச்சிமாருக்கு ஒரு டெக்னிக்கல் விசயம். கனக்க ஃபோமில, நிரப்பின ஆளின்ர ஜிமெயில் முகவரியையே "அனுப்புநர்" எண்டு வைச்சு மெயில் வெளிக்கிடும். வாங்கிற பக்கம் பாத்தால் அது கள்ள மெயில் மாதிரித்தான் தெரியும். 2024 பெப்ரவரியில ஜிமெயிலும் யாஹூவும் இந்த விதியளை இன்னும் இறுக்கினவை. அதால நேர ஸ்பாமுக்குப் போகும், இல்லாட்டி வந்தே சேராது. அனுப்புநரா தளத்தின்ர சொந்த முகவரியையும், பதில் போற முகவரியா வாடிக்கையாளர்ட மெயிலையும் வையுங்கோ. ஃபோமில வாறது மெயிலோட நிக்காமல் தளத்திலயும் ஒரு பிரதி சேமிக்கப்படவேணும். தளத்தைக் குடுக்க முதல் வேற ஆளின்ர போனிலயிருந்து ஒருக்கா நிரப்பி, அது போய்ச் சேந்ததோ எண்டு அந்த அன்ரியைக் கேளுங்கோ.

கடைசியா, பட்டனை அமத்தினாப் பிறகு "நன்றி" எண்டு மட்டும் வாறது எனக்குப் பிடிக்காது. "உங்கட செய்தி கிடைச்சிட்டுது. இது இன்னும் உறுதியான ஓடர் இல்லை. நாளைக்குப் பின்னேரம் 6 மணிக்குள்ள நாங்கள் பதில் போடுவம். போடாட்டி இந்த நம்பருக்கு எடுங்கோ" எண்டு தமிழிலயும் நொஸ்க்கிலயும் வரவேணும். அந்த நேரத்தை முடிவெடுக்க வேண்டியது தளம் செய்யிற பெடியன் இல்லை, தொழில் செய்யிறவ. அவவால ரெண்டு நாளைக்கு ஒருக்காத்தான் மெயில் பாக்க ஏலுமெண்டால், ரெண்டு நாள் எண்டு எழுதுங்கோ. வாடிக்கையாளர் ரெண்டு நாள் பொறுப்பார், எப்ப வரும் எண்டு தெரியாமல்தான் பொறுக்கமாட்டார்.

"ஒரு சின்ன ஃபோமுக்கு இவ்வளவு அக்கப்போரா?" எண்டு நீங்கள் நினைக்கலாம். பெரிய கம்பனிக்கு ஒரு ஃபோம் துலைஞ்சால் அது ஒரு டிக்கெட். ஒரு சனிக்கிழமைக்கு ஒரு ஓடர் எடுக்கிற அன்ரிக்கு அது அந்த மாசத்து வருமானம்.

நீங்களும் ஆருக்காவது இப்பிடித் தளம் செய்து குடுத்திருந்தால், இந்தக் கிழமை அதில ஒருக்கா உங்கட ஃபோமை நீங்களே நிரப்பிப் பாருங்கோ. பதில் வர எவ்வளவு நேரம் எடுத்தது எண்டு பின்னூட்டத்தில சொல்லுங்கோ. வராட்டியும் சொல்லுங்கோ :-)